ஒன்றரை வோல்ட்

மூன்றாவது வரிசைப் பெண் எழுந்து நின்று, பதினாறாவது கேள்வியில் சப்ளை எவ்வளவு என்று கொடுக்கவில்லையே சார், பன்னிரண்டு வோல்ட் என்று வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது தேர்வுக்கூடத்துக் கடிகாரத்தில் மணி பத்து முப்பத்தைந்து. கண்காணிப்புக்கு வந்தவர் கேள்வித்தாளுக்கு விளக்கம் சொல்லக்கூடாது. அதனால் அர்த்தநாரி, பாலிடெக்னிக்கில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பதினெட்டு வருஷமாகச் சொல்லிவரும் பதிலையே சொன்னார்: கொடுக்காததை நீயாக வைத்துக்கொண்டு எழுதும்மா. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். அவர் நான்கு தப்படி நடந்தார், மின்விசிறிக்குக் கீழே வந்தார், மேஜைமேல் மிச்சமிருந்த கேள்வித்தாள் ஒன்று காற்றில் படபடத்தது, அதைப் பேனாவால் அழுத்தி வைத்துவிட்டுப் பதினாறாவது கேள்வி என்னதான் என்று பார்த்தார். ஒரு சென்சாரிலிருந்து அரை வோல்ட் முதல் நாலரை வோல்ட் வரை வருகிறது, அதை ஆப்-ஆம்ப் சிப் கொண்டு பூஜ்யம் முதல் ஐந்து வரை மாற்றிக் காட்டுக. பழகிய கேள்விதான். முதலில் நகர்த்து, அப்புறம் நீட்டு என்று அவரே வகுப்பில் சொல்லிக்கொடுப்பது. அரையைக் கழித்தால் பூஜ்யத்திலிருந்து நாலு, அதை ஒன்றேகாலால் பெருக்கினால் பூஜ்யத்திலிருந்து ஐந்து, நாலு ரெசிஸ்டர், ஒரு சிப், முடிந்தது. சப்ளை எவ்வளவு. அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். சிப்புக்கு ஊட்டுகிற மின்சாரம் எவ்வளவோ அதற்கு மேலே அது வெளியே தராது. சாதாரண ரகமாக இருந்தால் அந்த அளவைத் தொடக்கூடச் செய்யாது, ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுகொள்ளும். பன்னிரண்டு ஊட்டினால் பத்தரை வரை போகும், ஐந்து எம்மாத்திரம். பன்னிரண்டு. வீட்டில் பன்னிரண்டுதான் கொடுத்தோம். வீட்டில். அங்கே என்ன கொடுத்தோம் என்று அவருக்கு நினைவு வந்த இடத்தில் அவருடைய கால் நின்றுவிட்டது. முன் பெஞ்சுப் பையன் தன்னைத்தான் பார்க்கிறாரோ என்று பயந்து விடைத்தாளைக் கையால் மூடிக்கொண்டான்.

அங்கே என்பது சங்ககிரி ரோட்டில் அவருடைய மைத்துனன் செங்கோட்டுவேலின் டயர் பட்டறை. தேய்ந்துபோன லாரி டயர்களைச் சீவி, புது ரப்பரைச் சுற்றி, ஆளுயரத்துக்கும் அதிகமான ஓர் இரும்பு உருளைக்குள் இருபத்திரண்டு டயர்களைத் தொங்கவிட்டு, வட்டக் கதவை மூடி, சூட்டிலும் காற்றழுத்தத்திலும் மூன்று மணிநேரம் வேகவைப்பார்கள். சேம்பர் என்பார்கள் அதை. ஆறு கிலோ அழுத்தம் வந்ததும் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டும். பதினோரு வருஷமாக அதை நிறுத்திவந்தது மாரப்பனின் கை. முள் மீட்டருக்கு எதிரே ஒரு பழைய டயரைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, முள் ஆறைத் தொட்டதும் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டுவான். வேலுவுக்கு அது பிடிக்கவில்லை. திருச்செங்கோட்டிலேயே எல்லாரும் தானாக நிறுத்துகிற பேனல் வைத்துவிட்டார்கள், நாமதான் இன்னும் முள்ளைப் பார்த்துக்கிட்டு இருக்கிறோம் என்றான். கம்பெனிக்காரர்களிடம் விலை கேட்டுவிட்டு வந்தவன், மச்சான், நீங்க பாடம் நடத்தற சங்கதிதானே இது, நீங்களே ஒண்ணு பண்ணிக் குடுங்க என்றான். அவர் பண்ணிக் கொடுத்தார். எட்டு கிலோவரை அளக்கும் சென்சார், அளவு வந்ததும் கம்ப்ரஸரை நிறுத்த கடையில் வாங்கிய கன்ட்ரோலர், நடுவே உள்ளங்கை அளவுக்கு அவருடைய போர்டு. போன ஞாயிற்றுக்கிழமை பேனலுக்குள் அதைப் பொருத்தும்போது, கையோடு கொண்டுபோன பன்னிரண்டு வோல்ட் அடாப்டரை எங்கே செருகுவது என்று பார்த்தார். பிளக் பாயிண்ட் ஒன்றுதான் இருந்தது, அதில் மின்விசிறி ஓடியது. வேலு தலையைச் சொறிந்துகொண்டு, எதுக்கு மச்சான் இன்னொரு அடாப்டரு, கன்ட்ரோலருக்குத்தான் அஞ்சு வோல்ட்டு வருதே, அதுலயே கோத்துடுங்க என்றான். சரி என்றார். எவ்வளவு சுலபமாகச் சரி என்றார். வயரை உரித்தார், முறுக்கினார், ஸ்குருவை இறுக்கினார். ஐந்து. ஐந்தில் ஒன்றரை போனால் மூன்றரை. முழு ஐந்துக்கு எட்டு கிலோ என்றால் மூன்றரைக்கு எவ்வளவு. கேள்வித்தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தார், வாயால் சொல்லிப் பார்த்தார், இரண்டு விதத்திலும் ஐந்து புள்ளி ஆறு வந்தது. நிறுத்த வேண்டிய இடம் ஆறு. போர்டு ஐந்து புள்ளி ஆறோடு நின்றுவிடும். உள்ளே ஏழாகட்டும், எட்டாகட்டும், பேனல் ஐந்து புள்ளி ஆறு என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆறு வந்தால் நிறுத்து என்றுதான் அதற்குச் சொல்லியிருக்கிறது, ஆறு வரவே வராது, கம்ப்ரஸர் அடித்துக்கொண்டே இருக்கும்.

இன்றைக்கு வியாழக்கிழமை. பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை நல்ல நேரம் என்று காலண்டரைக் கிழித்தபோது மனைவி பூங்கொடிதான் சொன்னாள். தம்பி பட்டறையில் புதுப் பேனலுக்குப் பூஜை, முதல் முழு லோடு, நான் போய் விளக்கேற்றிக் கொடுத்துட்டு வர்றேன், உங்களுக்குத்தான் பரீட்சை டூட்டி என்று சொல்லிக்கொண்டே பூக்கூடையை எடுத்தாள். பூஜை பேனலுக்கு என்றாலும் பொட்டு வைப்பது சேம்பர் கதவுக்குத்தான். பட்டறையில் அதுதான் வழக்கம், ஆயுத பூஜைக்கும் அப்படித்தான்: வட்டக் கதவின் நடுவில் மஞ்சள், குங்குமம், பிடியில் மாலை, கீழே எலுமிச்சம்பழம், கதவை மூடி, சுவிட்சைப் போட்டுவிட்டு, எல்லாரும் அதன் எதிரிலேயே நின்று கற்பூரம் தொட்டுக்கொண்டு, அங்கேயே கீழே உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுவார்கள். சேம்பரின் முதுகில் ஆட்களின் சோற்றுப் போசிப் பாத்திரங்கள் சூட்டுக்காக வரிசையாக இருக்கும். கதவுக்கு எதிரே. அழுத்தம் தாங்காமல் போனால் முதலில் போவது கதவு. எங்கோ ஓர் ஊரில் அப்படிப் போன கதவு ரோட்டைத் தாண்டி டீக்கடைச் சுவரில் விழுந்ததைச் சில வருஷங்களுக்கு முன் பேப்பரில் படித்துவிட்டு, இதையே வகுப்பில் உதாரணமாகச் சொன்னதும் அவர்தான். சேஃப்டி வால்வு இருக்கிறது. ஆமாம், இருக்கிறது, ஏழு கிலோவில் தானாகத் திறந்துகொள்ளும், எதற்கு இத்தனை பதற்றம், ஏழில் சீறும், எல்லாரும் விலகிப் போவார்கள், வேலு சிரிப்பான், வாத்தியார் கணக்கு ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும்டா என்பான், அவ்வளவுதான். அந்த வால்வின் நெம்புகோலில் ஒரு பழைய பேரிங் வளையம் கம்பியில் கட்டித் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணால் பார்த்தார். நாலு கிலோவிலேயே புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து விடுதுங்க, அதனால பாரம் கட்டிவிட்டேன் என்று மாரப்பன் சொன்னான். அந்தப் பாரம் இருக்கிறவரை வால்வு ஏழில் திறக்காது, அதைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது வேறு. அதைவிடு மாரப்பா, இனிமேல் என் போர்டே நிறுத்திடும், நீ அங்கே உட்கார்ந்து முள்ளைப் பார்க்கிற வேலையே கிடையாது. பூங்கொடி பக்கத்தில் நின்றாள். அவள் காதில் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார். மாரப்பன் உட்காரும் டயரை வேலு காலால் உருட்டி ஓரமாகத் தள்ளினான்.

மணி பத்து ஐம்பத்தைந்து. சுவிட்சைப் போட்டிருப்பார்கள். கிலோவுக்கு ஐந்து நிமிஷம், ஆறுக்கு அரை மணி, அப்படியானால் பதினொன்று இருபது, இருபத்தைந்து. இன்னும் நேரம் இருக்கிறது என்பது ஒரு நினைப்பு, நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நிற்பதுதான் ஆபத்து என்பது அதன் பின்னாலேயே வந்த இன்னொரு நினைப்பு, இரண்டுக்கும் நடுவே கடைசி பெஞ்சில் யாரோ கூடுதல் தாள் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தார், எண்ணைக் குறித்துக்கொண்டார், கையெழுத்துப் போட்டார், கையெழுத்து தன்னுடையது மாதிரி இல்லையென்று பட்டது. சிப் எது? அதுதான் கேள்வி. அவர் இரண்டு ரகம் வாங்கியிருந்தார். சாதாரண ரகத்தில் பத்து, ஒரே தாளில் மடித்துக் கொடுத்தார்கள். சப்ளையின் விளிம்புவரை எட்டக்கூடிய விலை கூடின ரகத்தில் ஒன்றே ஒன்று, கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தியிருந்தது. இரண்டும் எட்டுக் கால், இரண்டும் ஒரே சாக்கெட்டில் உட்காரும். எதைச் செருகினோம்? கறுப்பு ஸ்பாஞ்சைக் கையில் எடுத்தது நினைவிருக்கிறது. விரலில் அதன் சொரசொரப்பு இப்போதும் இருக்கிறது. எடுத்துவிட்டு? பூங்கொடி கூப்பிட்டாள், கேஸ் தீர்ந்துபோச்சு, சிலிண்டரை மாத்திக் குடுங்க என்று. மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு எடுத்தது ஸ்பாஞ்சா, மடித்த தாளா? பன்னிரண்டுதானே கொடுக்கப்போகிறோம், பத்து ரூபாய் சிப்பே போதும் என்று நினைத்தாரா, நினைத்ததாக இப்போது நினைக்கிறாரா? விலை கூடினதைப் போட்டிருந்தால் ஒன்றுமே இல்லை. ஆறில் நிற்கும், கைதட்டுவார்கள். கண்ணை மூடி போர்டைப் பார்க்க முயன்றார். பச்சை நிறம் வந்தது, ஈயத்தின் பளபளப்பு வந்தது, சிப்பின் முதுகில் இருந்த எழுத்து மட்டும் வரவில்லை. சோதித்துப் பார்த்தோமே. சோதித்தோம். வீட்டு வாசலில் கார் டயருக்கு அடிக்கிற கால் பம்பை வைத்து அவர் மிதித்தார், பூங்கொடி படியில் உட்கார்ந்து மல்டிமீட்டரைப் பார்த்து எண்களைப் படித்தாள். ரெண்டு கிலோவுக்கு ஒண்ணு ரெண்டு அஞ்சு. மூணுக்கு ஒண்ணு எட்டு ஏழு. நாலுக்கு ரெண்டு அஞ்சு. நாலுக்குமேல் மிதிக்கக் கால் வரவில்லை, தொடை நடுங்கியது. போதுமா, ஆறு வரைக்கும் வேண்டாமா என்று அவள் கேட்டாள். நேர்கோடும்மா, நாலு வரைக்கும் நேராப் போனது ஆறு வரைக்கும் நேராத்தான் போகும் என்றார். அவள் தலையாட்டினாள். அவள் அவரை நம்பித் தலையாட்டியதைத்தான் இப்போது அவரால் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையில் நாலு கிலோ ஏறும்போது கரண்ட் போய்விட்டது. நாலில் சரியாகக் காட்டியது போதும் என்று அத்தோடு முடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நாலு, நாலு, எல்லாரும் நாலுவரைதான் பார்த்தோம்.

பதினோரு மணிக்கு மாற்று ஆள் வருவார், ஐந்து நிமிஷம் டீக்கு விடுவார்கள், அந்த ஐந்து நிமிஷத்தில் தலைமைக் கண்காணிப்பாளர் அறைக்குப் போய், காலையில் எல்லாரும் செல்போன்களைப் போட்டுவைத்த பிளாஸ்டிக் கூடையிலிருந்து தன்னுடையதை எடுத்துவிடலாம் என்று அதுவரை ஒரு கணக்கு இருந்தது. பதினொன்று ஆயிற்று. பதினொன்று ஐந்து ஆயிற்று. தண்ணீர் கொண்டுவந்த அம்மாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, பறக்கும் படை வந்திருக்குதுங்க, ஆபீஸ் ரூமில உக்காந்திருக்காங்க, டீ இன்னிக்கு இல்லையாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். கூடத்தில் இருபத்துநான்கு பேர். கண்காணிப்பாளர் இல்லாமல் அவர்கள் எழுதிக்கொண்டிருக்கப் படை உள்ளே வந்தால் அவருக்கு மெமோ, அது போகட்டும், கூடம் முழுவதையும் சந்தேகத்தில் எழுதிவிடுவார்கள், இருபத்துநான்கு பேருக்கும் ரிசல்ட் நிற்கும். அந்தப் பெண் இப்போது பதினாறாவது கேள்விக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள், ஸ்கேலை அழுத்திப் பிடித்து, நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு. இவர்களை விட்டுவிட்டுப் போகக்கூடாது. இது நல்ல காரணம். நல்ல காரணமாக இருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் மூன்று நிமிஷம் நடந்தார், கரும்பலகையிலிருந்து கடைசி பெஞ்சு வரைக்கும், திரும்பவும் கரும்பலகைக்கு. பக்கத்துக் கூடத்துக்கும் இதற்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது, திறந்துதான் இருக்கிறது, அங்கே பிசிக்ஸ் எடுக்கும் கனகாம்புஜம் நிற்கிறார், அவர் அந்த நிலைப்படியில் வந்து நின்றால் இரண்டு கூடத்தையும் பார்க்கலாம். இது பத்து நாற்பதிலேயே தெரிந்ததுதான். தெரிந்தும் ஏன் கூப்பிடவில்லை? கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார். போன் எடுத்தால் வேலு ஏன் என்று கேட்பான். சாமி கும்பிட்டு முதல் லோடு ஏற்றின நேரத்தில், நல்ல நேரத்தில், நிறுத்து, என் போர்டு தப்பு என்று சொல்ல வேண்டும். அதைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள், பூங்கொடி கேட்பாள். ஒருவேளை உள்ளே இருப்பது விலை கூடின சிப்பாக இருந்து எல்லாம் சரியாகவே இருந்தால், அதையும் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் சிரிப்பார்கள். அரை மணிநேரமாக அவரைப் பிடித்து வைத்திருந்தது இருபத்துநான்கு பேரும் இல்லை, பறக்கும் படையும் இல்லை. அது புரிந்ததும் நிமிர்ந்து பார்த்தார். கடிகாரத்தில் பதினொன்று பதினேழு. அவர் நடுக்கதவுக்குப் போய், மேடம், ஐந்து நிமிஷம் இந்தப் பக்கமும் பாருங்கள், நான் போயே ஆகவேண்டும் என்றார். கனகாம்புஜம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன சார் இப்படி வேர்க்குது, வயித்து வலியா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தார்.

தாழ்வாரம் நீளமாக இருந்தது. ஓடினால் எல்லாக் கூடத்திலும் தலை திரும்பும், ஓடக்கூடாது, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கிலோ, இப்போது ஐந்தரை இருக்கும், பூங்கொடி இலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பாள், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வைப்பாள், முதுகைக் கதவுக்குக் காட்டிக்கொண்டு நிற்பாள், படிக்கட்டு, எட்டு படி, ஆபீஸ் அறை. தலைமைக் கண்காணிப்பாளர் சுலைகா பேகம், வெளியூர்க் கல்லூரிக்காரர், நிமிர்ந்து பார்த்தார். எதிரே பறக்கும் படையில் வந்த இருவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அர்த்தநாரி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கூடைக்குள் கையை விட்டார். பூங்கொடிக்கு அடித்தார், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேலுவுக்கு அடித்தார், எடுக்கவில்லை. பூஜைக்காகப் போனை எங்காவது வைத்துவிட்டிருப்பார்கள், சார்ஜில் இருக்கும், சத்தத்தில் கேட்டிருக்காது, கேட்க ஆள் இல்லை, இல்லை, அப்படி இல்லை. மாரப்பனுக்கு அடித்தார். நாலாவது மணியில் எடுத்தான். பின்னால் எப்போதும் கேட்கிற இரைச்சல் இல்லை. கம்ப்ரஸர் சத்தம் இல்லை.

"வாத்தியாருங்களா? சொல்லுங்க."

"மாரப்பா, கம்ப்ரஸர் ஓடலையா? பேனல்ல எவ்வளவு காட்டுது?"

"அஞ்சு புள்ளி ஆறுங்க. அதுலயே நிக்குது."

"முள்ளு?"

"முள்ளு ஆறுங்க. தொட்ட ஒடனே நாந்தான் போய்த் தட்டிவிட்டுட்டேன். இப்பத்தான், ஒரு நிமிசம் இருக்கும்." குரல் தாழ்ந்தது. "நீங்க பாக்க வேண்டாம்னு சொன்னீங்க. உக்கார டயருகூட இல்லை. நின்னுக்கிட்டேதான் பாத்தேன், கோவிச்சுக்காதீங்க. தானா நிக்கலைன்னு இன்னும் யாருக்கும் சொல்லலைங்க. போர்டுதான் நிறுத்துச்சுன்னு எல்லாரும் கைதட்டிட்டாங்க. உங்க ஊட்டு அம்மிணி போசி நெறையப் பொங்கல் குடுத்துட்டுப் போச்சு. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமுங்களா?"

இருந்துட்டுப் போகட்டும் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி வந்தது, அவருடைய நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கைதட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமை போய் சிப்பை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும். அதுவரைக்கும் இரண்டு நாள், நாலு லோடு. மாரப்பன் ஒருவேளை டீ குடிக்கப் போனால்.

"வேலுகிட்டப் போனைக் குடு, மாரப்பா. அந்த டயரை எடுத்து முன்னாடி இருந்த இடத்துலயே போட்டுக்க. வால்வுல கட்டின பாரத்தை அவுத்துடு. என் போர்டைப் பாக்காதே, முள்ளைப் பாரு."

"சரிங்க," என்றான் மாரப்பன். பிறகு செருப்புச் சத்தம், பாத்திரச் சத்தம், யாரோ சிரிப்பது, பூங்கொடியின் குரல், யாருங்க போனில என்று. அவர் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றார். வேலு வாங்கி, என்ன மச்சான், பரீட்சை ஹாலில இருந்து கொண்டாட்டமா, ஆறுல கரெக்டா நின்னுதே என்று ஆரம்பித்தான். அவர் சொன்னார். சப்ளை, ஒன்றரை, ஐந்து புள்ளி ஆறு. மூன்றே வாக்கியம். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. ஓகோ என்றான் வேலு. அப்புறம், அக்கா கதவுக்கிட்டதான் நின்னுச்சு என்றான். அவன் ஏதாவது கேலி செய்திருக்கலாம் என்று இருந்தது.

சுலைகா பேகம் ஒரு தாளை அவர் பக்கமாகத் தள்ளினார். தேர்வு நேரத்தில் கூடத்தை விட்டு வெளியேறியதற்கான விளக்கம். காரணம் என்பதற்கு நேரே இரண்டு வரி இடம். படையில் வந்தவர்கள் இளநீரை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயித்து வலின்னு எழுதுங்க சார், கனகாம்புஜம் மேடமும் அப்படித்தான் சொல்லி அனுப்பினாங்க, அதோட முடிஞ்சிடும் என்றார் சுலைகா பேகம், தணிந்த குரலில். அர்த்தநாரி தன் பேனாவைத் தேடினார். பேனா மேலே கூடத்தில், கேள்வித்தாளை அழுத்திக்கொண்டு இருந்தது. அந்த அம்மாளின் பேனாவை வாங்கி, நின்றபடியே எழுதினார்: நான் செய்துகொடுத்த ஒரு கருவியில் சப்ளை பன்னிரண்டு வோல்ட் என்று வைத்துக்கொண்டேன். அது ஐந்து.